காலி எடை

வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்டி
இருநூறு அடியில் எங்கள் எடைமேடை.
லாரி ஏறும்போது அறை ஒருமுறை குலுங்கும்,
மேசைமேல் என் தண்ணீர் பாட்டிலும்.
சிவப்பு எண்கள் ஓடி ஓடி
ஓரிடத்தில் நிற்கும்.
நிற்கும்வரை பொத்தானைத் தொடக்கூடாது.

காலையில் விழித்ததும் அப்படியே கிடக்கிறேன்,
எண் நிற்கட்டும் என்று.
இன்றைக்கு எவ்வளவு?
சில நாள் ஒரு குளியல், அரைச் சமையல், மதியம்வரை வேலை.
சில நாள் குளியல் மட்டும்.
அதுவும் தலைக்கு இல்லை.

குளிக்கும் அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
வாட்டமான தரையில் ஆடாமலிருக்க
இரண்டு காலை அறுத்துச் சமன் செய்தார் சிக்கந்தர்.
முடியைத் தோளுக்குமேல் வெட்டிக்கொண்டேன்,
கை தூக்கிப் பின்னுகிற பலத்தில்
ஒரு குழம்பு தாளித்துவிடலாம் என்று
கணக்குப் பார்த்த பிறகு.
வெங்காயத்தைப் படுத்துக்கொண்டே உரிக்கலாம், தெரியுமா?
துணி காயப்போட மாடி ஏறுவதில்லை;
ஜன்னல் கம்பிக்குக் கணவாய்க் காற்று தானே வருகிறது.
தொழுகை நாற்காலியில்.
சுஜூதுக்கு முடிந்த அளவு குனிகிறேன்.
அல்லாஹ் ரசீது கேட்டதில்லை.

பயமெல்லாம் நல்ல நாளைப் பார்த்துத்தான்.
ஓணத்துக்கு நாலு நாள் இருக்கையில்
உடம்பு இறகுபோல் எழுந்தது.
கொசுவலை துவைத்தேன். இரண்டு போர்வை.
அடுப்படி அலமாரியை இறக்கித் துடைத்தேன்.
பாட்டுகூடப் பாடினேன் என்கிறார் அடுத்த வீட்டு ரெஜினா.
மூன்றாம் நாள்
காய்கறி லாரிகள் சாவடிவரை வரிசையில் நிற்க,
ரசீது கிழிக்க விரல் வரவில்லை.
கேரளத்துச் சாலைக் கேமரா மாதிரி என் உடம்பு:
கடக்கும்போது ஒன்றும் சொல்லாது.
அபராதம் பிறகு
வீடு தேடி வரும்.

"உட்கார்ந்த இடத்துல வேல,
அப்படி என்னதான் அசதியோ"
என்றாள் நாத்தனார் ஷம்ஷாத்.
பதில் இருந்தது.
சொன்னால் சாயங்காலத்துக்கு மிச்சமிருக்காது என்று
தலையாட்டி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சுகதன் வந்தான்.
இளநீர் இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டி.
"காலி வண்டியல்லே சேச்சி,
இதுக்கு என்ன எடை?"
ஏற்றச் சொன்னேன்.
பாட்டில் குலுங்கியது.
எண் ஓடி நின்றது:
ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது.

ஒரு காய்கூட இல்லை.
தார்ப்பாய் மடித்துக் கிடக்கிறது, ஒரு கயிறு, அவன் சோற்றுத் தூக்கு.
ஒன்றும் ஏற்றாமலே
ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது.
ஏழு வருஷமாக இந்த எண்களைத்தான் அடிக்கிறேன்,
ஒருநாளும் வாசித்ததில்லை.
என்ன செய்தாய் இப்படிக் களைக்க என்று
எந்த லாரியையும் யாரும் கேட்பதில்லை.

இன்னொரு நகல் அடித்து
கைப்பையில் போட்டுக்கொண்டேன்.
ஷம்ஷாத்திடம் காட்டலாம் என்றுதான்.
காட்டினால் விளக்க வேண்டும்.
அங்கேயே கிடக்கிறது, மாத்திரை அட்டையோடு.

இதையும் மூன்று தடவையாக எழுதினேன்.
நடுவில் ஒரு வரி வந்தது,
நல்ல வரி.
பேனா அலமாரிமேல் இருந்தது.
எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறையில்
ஷம்ஷாத் மகளுக்கு நிக்காஹ்.
வியாழனிலிருந்து சேர்த்துவருகிறேன்:
பேசாத போன்கள், பெருக்காத கூடம்,
கடையில் வாங்கிய தோசைமாவு.
நாற்பது நிமிஷம் தேறும்.
மணப்பெண் பக்கத்தில் நின்று
ஒரு போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும்.
போட்டோவில் நன்றாகத்தான் இருப்பேன்,
அதுதானே தொந்தரவு.
மண்டபம் மாடியில்.
இருபத்திரண்டு படி.
ரெஜினா மகனை அனுப்பி
எண்ணிவரச் சொன்னேன்.